குறுக்கே பேசிய விருந்தாளிகள்

குரல்வளையை எடுத்து இரண்டு வருஷம் ஆன பிறகு, வேலூர் ஆஸ்பத்திரியில் கங்காதரனைப் பார்த்த டாக்டர், "எல்லாம் நல்லா இருக்கு. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வந்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பினார். பள்ளிகொண்டாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் மனைவி வள்ளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மனசுக்குள் எதையோ முடிவு செய்துகொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும், சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"விருந்து வைக்கறேன்."

சின்ன டார்ச் லைட் போலிருக்கும் அந்த மெஷினை வைத்துத்தான் அவர் பேசுவார். கழுத்துச் சதையில் அதை அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வரும். உதட்டையும் நாக்கையும் கொண்டு அதை வார்த்தையாக்க வேண்டும். கோபம் வந்தாலும் அதே சத்தம், சிரிப்பு வந்தாலும் அதே சத்தம். மூச்சு போவதும் வருவதும் கழுத்தில் இருக்கும் துளை வழியாக. அதன் மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும்.

"யாருக்கு விருந்து?" என்றாள் வள்ளியம்மாள்.

"எல்லாருக்கும்."

அன்று சாயங்காலமே மதியழகன் வந்துவிட்டான். வள்ளியம்மாளின் தம்பி, இரண்டு தெரு தள்ளி வீடு. ஆம்பூரில் கங்காதரன் வேலை செய்த அதே ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே மாமாதான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று, "அக்கா, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

"இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்?" என்றான். "வர்றவங்க இன்னா பேசுவாங்க? சும்மா உங்களப் பாத்துப் பாவப்பட்டுட்டுப் போவாங்க. உங்களுக்கும் பேஜாரு, அவங்களுக்கும் பேஜாரு."

"வைக்கறேன்."

"சரி, வைங்க. நான் நின்னு எல்லாத்தையும் பாத்துக்கறேன். நீங்க ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கோங்க. அந்த மெஷின் மட்டும்…" அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு ஒருநாள் வேணாமே. பசங்க பயந்துக்கும்."

கங்காதரன் அவன் பக்கம் திரும்பினார். பிறகு மெஷினை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உன் வீட்டு விசேஷத்துல. நீ. வாயைக் கட்டிக்கினு நிப்பியா?"

மதியழகன் வாசல் படியிறங்கிப் போய்விட்டான்.

இருபத்தெட்டு வருஷம் கங்காதரன் செலக்‌ஷனில் இருந்தவர். பதனிட்டு வந்த தோலைப் புரட்டிப் பார்த்து, கட்டை விரலால் ஓட்டிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. ஆனால் ஊரில் அவரைத் தெரிந்திருந்தது வேறொன்றுக்காக. சொந்தத்தில், அக்கம்பக்கத்தில், கம்பெனி ஆட்கள் வீட்டில் எங்கே விசேஷம் என்றாலும் வாசலில் கங்காதரன் நின்றாக வேண்டும். வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்து, "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்ல யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இவர் வந்தவர்களைப் பேச வைப்பார். ஒரு கல்யாணத்தில், கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த நெல் விவசாயி ஒருவரையும் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கெமிக்கல் விற்கிறவர் ஒருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, "இவரு கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுங்கறாரு, நீங்க அதெல்லாம் சும்மாங்கறீங்க. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டுப் போனார். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"கேள்வி கேட்டா மனுஷன் யோசிப்பான். தப்பா ஒண்ணு சொன்னா ஒடனே வாயத் தொறப்பான்" என்று அவர் சொல்வார். வேலை செய்கிற மேஜையிலும் அப்படித்தான். அவர் எதையாவது தப்பாகச் சொல்ல, எதிரே நிற்கும் ஹயாத் பாஷா பாய்ந்து மறுக்க, சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் அது ஓடும்.

அப்புறம் தொண்டை கட்டியது. மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். கட்டிலுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல் வள்ளியம்மாளைப் பார்த்து, "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று கேட்டார்கள். சிலர் அவருக்குக் காது கேட்காது என்பது போலக் கத்தினார்கள். ஒருவர் பேப்பரில் எழுதிக் காட்டினார். எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது கோதண்டபாணி வந்துவிட்டுப் போனதுதான். கோதண்டபாணி அவருடைய சகலை, வள்ளியம்மாளின் அக்கா மோகனாவின் கணவர். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற பவர்லூம் வைத்திருப்பவர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், நாலு பேர் நடுவில் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனையில் கேட்கும். அந்த மனுஷன் கட்டிலருகே குனிந்து, "எப்படி இருக்கே, சகல?" என்று காதோடு காதாகக் கேட்டார். எழவு வீட்டில்கூட அவர் அப்படிப் பேசியதில்லை.

மெஷின் வந்து, ஆறு மாசம் பயிற்சி எடுத்துப் பேசப் பழகிய பிறகும் நிலைமை மாறவில்லை. அவர் மெஷினைக் கையில் எடுப்பதற்குள் வள்ளியம்மாள் பதில் சொல்லி முடித்திருப்பாள். கம்பெனியில் அவரை செலக்‌ஷனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டிய வேலை கம்மியாம். அது தங்கள் நல்ல மனசு என்றே அவர்கள் நம்பினார்கள். அவர் என்ன சொன்னாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதைக் கங்காதரன் மெதுவாகத்தான் கவனித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, பார்க்க வந்த ஒருவரிடம் வேண்டுமென்றே, "இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார். "ஆமாமா, வியாழக்கிழமைதான்" என்று வந்தவர் தலையாட்டினார். அவர் போன பிறகு கங்காதரன் ஆப்பிள் பையைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

அதனால் இந்த விருந்து. ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் மகள் பூர்ணிமா லீவு போட்டுவிட்டு வந்தாள். பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு, காலை பதினோரு மணி, மொட்டை மாடியில் பந்தல். இருபத்திரண்டு பேர்.

ஏற்பாடுகளில் அவர் யார் சொன்னதையும் கேட்கவில்லை. ஹயாத் பாஷா வீட்டுக்கே வந்து, "கங்கா, ஆம்பூர்லேர்ந்து மாஸ்டரைக் கூட்டிக்கினு வர்றேன். ரெண்டு அண்டா பிரியாணி. ஜோரா இருக்கும்" என்றான்.

"வேணாம். பிரியாணி போட்டா எவனும் பேச மாட்டான்."

ஹயாத் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டான். அதைப் பார்த்துக் கங்காதரனுக்கு இன்னும் எரிச்சலானது.

பிரியாணிக்குப் பதிலாக முதலில் வேகவைத்த வேர்க்கடலை, தோலோடு. உரித்துத் தின்னக் கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். சாப்பாடு ஒரு மணிக்கு மேல். பந்தி கிடையாது, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்கார்ந்தால் எப்படிப் பேசுவது? நாலு நாலு நாற்காலியாக, எதிரும் புதிருமாகப் போடச் சொன்னார். யார் எங்கே என்று பூர்ணிமாவை எழுத வைத்தார். சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்களோடு கூடாது, கம்பெனிக்காரர்கள் கம்பெனிக்காரர்களோடு கூடாது. கூடத்தில் டிவி வயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வள்ளியம்மாளிடம் ஒன்றுதான் சொன்னார். "என்னைப் பத்தி உன்கிட்ட கேட்டா. பதில் சொல்லாதே."

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் இன்னா உங்க வாயைப் புடுங்கிக்கினா பேசினேன்? மெஷின் வர்ற வரைக்கும் நாலு மாசம் உங்களுக்குப் பதிலா யார் பேசினது? நர்ஸ்கிட்ட, டாக்டர்கிட்ட, இன்சூரன்ஸ்காரன்கிட்ட?"

"நீதான்."

"அப்பறம்?"

"போதும்."

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான். அவர் சமாதானமும் சொல்லவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி முடிகிற இடத்தில் சலவைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரும் படியேறி வரும்போது, "வாங்க. வாங்க" என்றார். அந்தச் சத்தம் கேட்டதும் சிலர் ஒரு படி கீழே தயங்கி நின்றார்கள். சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுப் பந்தல் துணியைப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர் பயந்தது நடந்தது. வந்தவர்கள் நாற்காலிகளை இழுத்து, பார்வையாளர்கள் மாதிரி சுவரோரம் ஒரே வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள். கங்காதரன் போய், உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, நாற்காலிகளைத் திரும்பவும் எதிரெதிராகத் திருப்பினார். யாரும் மறுக்கவில்லை. மாற்றி உட்கார்ந்து, மறுபடியும் மௌனமானார்கள். மாடி முழுக்க வேர்க்கடலை உடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஓரத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த மதியழகன், நான் அப்போதே சொன்னேன் என்பது போலப் பார்த்தான்.

அவர் ஹயாத் பாஷாவை இழுத்துக்கொண்டு போய்க் கோதண்டபாணிக்கு எதிரே உட்கார வைத்தார்.

"இவர் லுங்கி நெய்யறாரு. நீ லுங்கி கட்டறே." மெஷினைக் கழுத்தில் கொஞ்சம் நகர்த்தி வைத்து அழுத்தினார். "இவரு லுங்கி. ரெண்டே தொவைப்புல சாயம் போயிடும்."

முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிற மனுஷன். அந்தப் பேச்சை வேறு யார் சொல்லியிருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பார். கோதண்டபாணி இதமாகச் சிரித்து, "போவும், சகல, போவும்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

கங்காதரனுக்குக் காது வரைக்கும் சூடேறியது. தன் சரக்கையே விட்டுக்கொடுக்கிற அளவுக்கா இவர்களுக்கு என் மேல் பரிதாபம்? அப்படியே எல்லோரையும் படியிறங்கிப் போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மதியழகன் அவர் பக்கம் நாற்காலியைத் தள்ளி, "உக்காருங்க மாமா" என்றான். அந்த நாற்காலியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. காலால் அதை ஒதுக்கிவிட்டு நடுவில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மெஷினை அழுத்தினார்.

"குடியாத்தத்துல. சகல கல்யாணம். எனக்கு ஞாபகம் இருக்கு. பாயசம் தீஞ்சுபோச்சு. பாதிப் பேர். சாப்பிடாம எழுந்து போய்ட்டாங்க."

கோதண்டபாணியின் கை வேர்க்கடலையோடு நின்றது.

"தீயல" என்றார்.

"தீஞ்சிச்சு. மாப்பிள்ளை வீட்டுச் சமையக்காரன். தூங்கிட்டான்."

"தூங்கறதா? எங்க வீட்டுச் சமையக்காரனா?" கோதண்டபாணியின் குரல் கொஞ்சம் மேலே ஏறியது. "பாயசம் வச்சதே பொண்ணு வீட்டுக்காரங்க!"

"யாரு, எங்க வீடா?" என்றாள் மோகனா, மூன்று நாற்காலி தள்ளி. "எங்க வீட்டுல போட்டது பூந்தி. பாயசம் உங்க சித்தப்பா ஏற்பாடு. அதுவும் தீயல, அடிபிடிச்சிச்சு."

"அடிபிடிக்கறதுக்கும் தீயறதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்குது! அடிபிடிச்சா மேல இருக்கறத எடுத்துச் சாப்பிடலாம்" என்றாள் மோகனா.

கங்காதரன் மெஷினை வைத்து, "பாதிப் பேர் எழுந்து போய்…" என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழுந்து, தறிக்கூடத்தில் கத்துவது போலவே கத்தினார். "நிறுத்து, சகல! நீ அன்னிக்கு இன்னா பண்ணினே, அதச் சொல்றேன். நாலு டம்ளர் குடிச்சே! தீஞ்சு போனத எவனாச்சும் நாலு டம்ளர் குடிப்பானா?"

ஒரே சிரிப்பு. கங்காதரனின் வாயில் பாதி வார்த்தை நின்றுபோயிருந்தது. மெஷின் இன்னும் தாடைக்குக் கீழேயே இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அவர் பேசும்போது குறுக்கே பேசியிருந்தார்.

"அப்பறம் இன்னா சொன்னே, சாயம் போவுமா?" கோதண்டபாணிக்கு இப்போதுதான் ரோஷம் வந்து சேர்ந்தது. ஹயாத் பாஷாவின் பக்கம் திரும்பினார். "நீங்க கட்டியிருக்கீங்களா எங்க லுங்கி? சொல்லுங்க பாய், சாயம் போவுமா?"

"லுங்கிச் சாயம் எனக்குத் தெரியாதுங்க" என்றான் ஹயாத் பாஷா. "ஆனா ஒண்ணு, இந்த மனுஷன் இருபது வருஷமா என்கிட்ட பொய்தான் சொல்லிக்கினு இருந்தாரு. ரெண்டாம் தரத் தோலை முதல் தரம்னு சொல்லுவாரு, நான் சண்டை போடறேனான்னு பாக்க!"

"நீ எப்பவும். தப்பாத்தான் பிரிப்பே" என்றார் கங்காதரன்.

"அரே! யாரு, நானா?"

அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சாயத்திலிருந்து பேச்சு தோலுக்குப் போயிற்று, தோலிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து யாரோ ஒருவர் விற்ற நிலத்துக்கு. நாற்காலிகள் தானாகவே நகர்ந்தன. எதிரே இருப்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நாலு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் சேர்ந்தார்கள். கங்காதரன் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய், கொஞ்சம் கேட்டு, தப்பாக ஒன்றைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

சாப்பாட்டு வேளையில், கறிக்குழம்பு வாளியோடு போன வள்ளியம்மாளிடம் பக்கத்து வீட்டு சவுரியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அண்ணன் காரம் சாப்பிடுவாரா?"

வள்ளியம்மாள் நின்றாள். கங்காதரன் நாலு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "அதோ நிக்கறாரு. வாய் இருக்குது. அவரையே கேளுங்க."

சவுரியம்மாள் வெட்கத்தோடு அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "சாப்பிடுவேன். வாசனைதான் தெரியாது. மூக்குல மூச்சு இல்ல" என்றார் அவர். "ஐயோ, அப்ப கருவாடு சமைச்சாக்கூடவா?" என்று அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அதுவரை அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மதியழகனின் மகள் ரோஷினிக்கு ஏழு வயது. பசங்க பயப்படும் என்று அவன் சொன்னது இவளை வைத்துத்தான். அவள் ரொம்ப நேரமாக மாமாவின் பின்னாலேயே சுற்றி, கடைசியில் கேட்டேவிட்டாள். "மாமா, எனக்கு ஒரு வாட்டி குடுங்க."

கங்காதரன் மெஷினை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினார். "மூச்சு விடாதே, வாயை மட்டும் அசை" என்று சைகை காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "என் பேரு ரோஷினி" என்றாள். மாமாவின் குரலிலேயே வந்தது. சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எனக்கு எனக்கு" என்று மற்ற பிள்ளைகளும் வந்தார்கள்.

"ரோஷினி! கீழ வை அதை!"

மதியழகன் போட்ட சத்தத்தில் மாடியே அடங்கிப்போயிற்று. அப்பளத் தட்டோடு நாலே எட்டில் அங்கே வந்து நின்றான். "அது இன்னா வெளையாட்டுச் சாமானா?"

குழந்தை மெஷினை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். கங்காதரன் அதைத் தாடைக்குக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு வெளையாட்டுச் சாமான்தான். இப்ப இன்னா?"

"எல்லாரும் சிரிக்கறாங்க மாமா!"

"சிரிக்கட்டும்."

"என்னால முடியல." மதியழகன் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். "அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடணும் போல இருக்குது. உங்க பழைய கொரலு என் காதுல அப்படியே நிக்குது. தெருமுனையிலேர்ந்து 'மதி'ன்னு கூப்பிடுவீங்க. அத நெனச்சுக்கினு இதக் கேக்க என்னால முடியல."

வள்ளியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் நிக்குது" என்றார் கங்காதரன். "அது வராது. இதான் வரும். பழகிக்கோ."

"எப்படி மாமா பழகறது?"

"முன்ன வாரம் ரெண்டு சண்டை போடுவே என்கிட்ட. ரெண்டு வருஷமா. ஒண்ணுகூட இல்ல."

"செத்துப் பொழைச்ச மனுஷன்கிட்ட எவன் சண்டை போடுவான்?"

"நான் சாகல." கங்காதரன் ஓரடி முன்னால் வந்தார். அந்தச் சத்தத்தில் கோபம் இருக்காது. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, துளை மேலிருந்த துணி படபடவென்று அடித்தது. "எனக்காக நீங்க யாரும். மெதுவாப் பேச வேணாம். தலையாட்ட வேணாம். சண்டை போடு."

மதியழகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

வள்ளியம்மாள் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். கங்காதரன் கையை நீட்டித் தடுத்தார். யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. பழைய மௌனம் திரும்பி வந்துவிடும் போலிருந்தது. போனவன் அவர் தம்பி மாதிரி வளர்த்தவன். ஆனாலும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் ஹயாத் பாஷாவின் தட்டைப் பார்த்து, "கறி வேகல போலிருக்கு" என்றார்.

"நல்லா வெந்திருக்குது!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்போது படியில் திரும்பவும் காலடிச் சத்தம். மதியழகன் பாதிப் படியிலேயே நின்றிருந்தான்; தலை மட்டும் தெரிந்தது. கண் சிவந்திருந்தது.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றான் அங்கிருந்தே. "என் பைக்கை வித்துக் கொடுத்தீங்களே, அது தப்பு. அன்னிக்கே தப்பு. உங்க தோஸ்த்துன்னு எனக்கு ஆவாத ஆள்கிட்ட தள்ளி விட்டீங்க. இத்தன நாளா சொல்லல, இப்ப சொல்றேன்."

"ஓட்ட பைக்கு அது."

"ஓட்ட பைக்கா? ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆவும் மாமா!"

"எங்க ஆச்சு? தள்ளிக்கினுதானே போனே?"

"ஒருநாள்! ஒரே ஒருநாள் தள்ளினேன், அதுவும் பெட்ரோல் இல்லாம!" மதியழகன் மீதிப் படியையும் ஏறி வந்து அவருக்கு நேரெதிரே நின்றான். சாப்பாடு முடிந்து, வெற்றிலை முடிந்து, வெயில் பந்தலின் மறுபக்கத்துக்குப் போகிற வரைக்கும் அவர்கள் அந்த பைக்கை விடவில்லை. ஹயாத் பாஷா மதியழகன் பக்கம், கோதண்டபாணி கங்காதரன் பக்கம். நடுவில் ஒரு தடவை கங்காதரன் பேசிக்கொண்டிருக்கும்போதே மதியழகன், "இருங்க மாமா, நான் முடிச்சுக்கறேன்" என்று கையமர்த்தினான். அவர் மெஷினை இறக்கிவிட்டு, தன் முறைக்குக் காத்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு வள்ளியம்மாள் மாடியில் கடலைத் தோலைப் பெருக்கினாள். "சண்டை ஒரு விருந்தா? நாலு ஜனம் நம்மளப் பத்தி இன்னா பேசும்?" என்றாள்.

"பேசட்டும்" என்றார்.

அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கறி நெஜமாவே கொஞ்சம் வேகல" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் கம்பெனியில் மேனேஜர் ரூமுக்குப் போய், செலக்‌ஷன் மேஜைக்குத் திரும்ப வேண்டும் என்றார். யோசிப்போம் என்றார்கள். அடுத்த திங்களும் போய் நின்றார், அதற்கடுத்த திங்களும். நாலாவது வாரம் மத்தியானம் வரைக்கும் மேஜை, அப்புறம் ஸ்டோர் என்று பாதி கொடுத்தார்கள். மீதிப் பாதிக்காக இன்னும் திங்கட்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறார். மதியழகன் வாசலில் நிற்பதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எதையாவது மறுத்துப் பேசிவிட்டுப் போகிறான். அந்தக் குரலுக்கு அவன் பழகிவிட்டானா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்கிறான்.

சமீபத்தில் கங்காதரன் போனிலும் பேச ஆரம்பித்திருக்கிறார். தெரியாதவர்களுக்குப் போன் போட்டால், ஏதோ கம்பெனியின் விளம்பர ரெக்கார்டிங் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுகிறார்கள். அவர் திரும்பவும் போடுவார். அன்றைக்கு கேஸ் ஏஜென்சிக்கு மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் வைத்துவிட்டார்கள். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்து, "சார், லைன்ல இன்னாமோ சத்தம் வருது, சரியாக் கேக்கல" என்றாள்.

"அது என் கொரல்தாம்மா" என்றார் கங்காதரன். "சிலிண்டர் எப்ப வரும்?"